யார் கண்ணோ, அதற்கு ஒரு படையல்

பச்சையம்மா அக்கா போய்விட்டாள் என்று காவலூர் பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியாகச் சொன்னபோது நான் நம்பவில்லை. "போய்யா, காலங்காத்தால வேற ஆளு கெடைக்கலயா உனக்கு?" என்று சொல்லிவிட்டுப் புளி மூட்டையைப் புரட்டிப் போட்டேன். என்னிடம் இந்த ஊரில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். நான் எல்லோரையும் கேலி செய்கிறவள். திருப்பிக் கொடுக்க எல்லோரும் நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆள் சிரிக்கவில்லை. "நெஜமா சொல்றேங்க. காவலூர்ல, மக வூட்டுல. நெஞ்சு வலிக்குதுன்னு செவுத்துல சாஞ்சாங்களாம், அவ்ளோதான்" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார், பஸ் நகர்ந்துவிட்டது. கொட்டகைக்குள்ளிருந்து மங்கா, "இன்னாக்கா, பஸ்காரன் இன்னா ரகசியம் சொல்லிட்டுப் போறான்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பதில் வரவில்லை என்றதும்தான் அவள் எழுந்து ஓடி வந்தாள்.

ஜமுனாமரத்தூர்ப் புளிக்கொட்டகையில் அவளோடு வரிசையாக உட்கார்ந்து வேலை செய்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? நான் மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள். அன்னார், இன்னார் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. 'அவர்' என்று எழுதினால் யாரோ தாசில்தாரைப் பற்றி எழுதியது போல் இருக்கும். எனக்கு அவள் அக்கா, அவ்வளவுதான். ஆனால் அவள் கண் விஷயத்தில் நடந்தது முழுசாக மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள், அவள் வீட்டுக்காரர் கோவிந்தன் மாமா, நான். மாமா போன வருஷம் போனார். இப்போது அவளும் போய்விட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டால் அது இல்லாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

புளி தட்டும் வேலையில் கண்ணுக்குத்தான் எப்போதும் ஆபத்து. காய்ந்த பழத்தைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு போடு போட்டால் ஓடு சில்லு சில்லாகத் தெறிக்கும். பிறகு நாரை நகத்தால் உரித்து, கொட்டையை எடுத்து, சதையைத் தனியாகக் குவிக்க வேண்டும். ஒரு சீசனில் ஓட்டுச் சில்லு ஒன்று அக்காவின் வலது கண்ணில் அடித்தது. அவள் முந்தானையால் ஒற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். கண் புண்ணாகி, புண் ஆறும்போது கருவிழி மேல் வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் அவளுக்கு வெறும் வெளிச்சம்தான். நான் விடுவேனா? "யக்கா, இனிமே நான் உன் வலப்பக்கந்தான் உக்காருவேன். எவ்ளோ பழம் துன்னாலும் உனக்குத் தெரியாது" என்றேன். அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. "நீ மெல்லற சத்தம் போளூர் வரைக்கும் கேக்குமே" என்றாள்.

அடுத்த வருஷம் கீழே டவுனிலிருந்து வந்த கண் டாக்டரம்மா ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, செத்துப்போன ஒருவருடைய கண்ணிலிருந்து கருவிழியின் மேல் இருக்கும் கண்ணாடியை எடுத்து இந்தக் கண்ணில் வைத்துத் தைக்கலாம் என்றார். அக்கா டவுன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக் காத்திருந்தாள். யாராவது செத்தால்தான் கண் வரும். ஒருநாள் வந்தது. தலைமயிரைவிட மெல்லிய கறுப்பு நூலால் சுற்றிலும் தைத்திருந்தார்கள், முறத்துக்கு விளிம்பு கட்டியது போல. அனுப்பும்போது டாக்டரம்மா மாமாவையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னார்: "தையல் ரொம்ப மாசம் உள்ளயே இருக்கும். எதாவது ஒண்ணு எப்ப வேணும்னாலும் தளரும். கண்ணு செவந்தா, தண்ணி வடிஞ்சா, வலிச்சா, மங்கினா, அன்னைக்கே பஸ் ஏறிடணும்."

அவள் திரும்பி வந்த அன்று கொட்டகையே கூடிவிட்டது. "அது ஆம்பள கண்ணா, பொம்பள கண்ணாக்கா?" என்று மங்கா கேட்டாள். அக்காவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்களாம். "ஆம்பள கண்ணா இருந்தா என்னை அந்தப் பக்கம் பாக்காத யக்கா, எனக்கு வெக்கமா கீது" என்று நான் முந்தானையை இழுத்து மூடினேன். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "எனக்குக் கண்ணு வந்த அன்னிக்கு எந்த வூட்டுலயோ எழவு வுழுந்துகீது, சின்னபாப்பா. சந்தோசப்படவும் பயமா கீதுடி." அதற்குப் பிறகு அந்தக் கண்ணைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இரவல் வாங்கிக் கழுத்தில் போட்ட நகையைப் பற்றிப் பேசுவது போல் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள்.

வருஷம் திரும்பி மறுபடி புளி சீசன் வந்தது. ஒருநாள் அக்கா தட்டுவதை நிறுத்தி நிறுத்திக் கண்ணைக் கசக்குவதைப் பார்த்தேன். "இன்னாக்கா?" என்றேன். "நாரு எதனா வுழுந்துட்டாப்புல கீது. அரிக்குது" என்றாள். மங்கா எழுந்து வந்து அவள் இமையைத் தூக்கிப் பார்த்தாள். "ஆமாக்கா, நாருதான். கறுப்பா ஒண்ணு நீட்டிக்கினு கீது. அதுல பீளை கட்டிக்கீது. அசையாத, இழுத்துடறேன்."

மங்காவின் நகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நாம் ஒரு பழம் உரிப்பதற்குள் அவள் கைப்பிடி பழம் உரித்துவிடுவாள். அந்தக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அக்காவின் கண்ணை நோக்கிப் போவதைப் பார்த்தேன். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வுடுடி! அது நாரில்ல, தையல்!" என்று கத்தினேன். கொட்டகையில் எல்லாக் கட்டையும் நின்றுவிட்டது. மங்கா பயந்துபோய்க் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் புளி நாரை இழுப்பது போல இழுத்திருப்பாள், கண்ணாடியோடு வந்திருக்கும்.

நான் குனிந்து பார்த்தேன். வட்டமாக இருந்த தையலில் ஒரு நூல் மட்டும் தளர்ந்து, முனை வெளியே எழுந்து நின்றது. அதைச் சுற்றி வெள்ளைக்கண் சிவந்திருந்தது. தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. "இன்னிக்கு இனிமே பஸ் இல்ல. நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் பஸ் போய்விட்டது. அவள் போகவில்லை.

நான் வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் ஒரு சேவலை வாங்கிக் கட்டி வைத்திருந்தார். அக்கா உள்ளே பானை அடுக்குக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "வெளிச்சம் குத்துதுடி" என்றாள். "அப்ப ஏன் போகல?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இது எனக்கு வெச்சு வருசம் திரும்புது. அப்பன்னா அவங்க செத்தும் வருசம் திரும்புது. பாரு, இந்தக் கண்ணு மட்டும் அழுவுது. என் கண்ணு அழுவல. வருசப் படையல் கேக்குதுடி. அமாவாசைக்குப் போட்டுட்டு அப்பால ஆசுபத்திரிக்குப் போறேன்."

நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் மலையில் செத்தவருக்கு வருஷம் திரும்பும்போது படையல் போடாமல் யார் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கியிருக்கிறது? எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, இன்றைக்கும் உண்டு. "டாக்டரம்மா சொன்னது ஞாபகம் கீதாக்கா? செவந்தா அன்னிக்கே வரணும்னாங்களே?" என்றேன். "ஞாபகம் கீது. அவங்க தையலுக்குப் பொறுப்பு. கண்ணுக்குச் சொந்தக்காரங்க வேற" என்றாள்.

அமாவாசை வெள்ளிக்கிழமை. அன்று திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை போனேன், கண் திறக்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பால் விடச் சொன்னாள், இன்னொருத்தி தழை பிழியச் சொன்னாள். "யாராவது எதையாவது வுட்டீங்க, மறுபடி இந்த வாசல மிதிக்க வுட மாட்டேன்" என்று இருவரையும் விரட்டினேன். அவர்கள் நான் கேலி பேசுவதாக நினைத்துச் சிரித்தார்கள். புதன்கிழமை அக்காவின் இமையைத் தூக்கிப் பார்த்தபோது தையல் முனை இருந்த ஓரத்தில் சாமை அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. கொட்டகையில் பார்த்தபோது அது இல்லை. "இப்ப மாமா மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டேன். "பொகையாட்டம் கீது" என்றாள். வெள்ளிக்கிழமை வரை அந்தக் கண் இருக்காது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வெளியே வந்தேன். மாமா சேவலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து கேட்டேன்.

"மாமா, உங்க அம்மாவுக்கு வருசப் படையல் எங்க போட்டீங்க?"

"பொதைச்ச எடத்துல. இது இன்னா கேள்வி?"

"உங்க சித்தப்பா பலா மரத்துல இருந்து வுழுந்தாரே, அவருக்கு?"

"அந்த மரத்தடியிலதான். வுழுந்த எடத்துலதான போடணும்."

"அப்ப இந்தக் கண்ணுக்காரங்க இங்க உங்க வூட்டுலயா செத்தாங்க?"

மாமா குவளையை வைத்துவிட்டார். "எங்க செத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

"கண்ண எங்க எறக்கி வெச்சிட்டுப் போனாங்கன்னு தெரியுமில்ல? அங்க போடாம, மலை மேல ஒக்காந்து கூப்ட்டா அவங்களுக்கு வழி தெரியுமா? பாவம், கண்ணு வேற நம்மகிட்ட கீது."

மாமா கட்டியிருந்த சேவலைப் பார்த்தார். பிறகு பானைகளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "அவ சொல்றது ஞாயந்தான்யா."

"அமாவாசை?" என்றார் மாமா.

"டவுன்காரங்க மாமா அவங்க. டவுன்காரங்க அமாவாசை பாத்தா சோறு துன்றாங்க? பஸ் வர்ற நேரம் பாத்துத் துன்றாங்க."

மாமா சிரித்துவிட்டார். உள்ளேயும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் தந்திரம் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பேசப் பேச எனக்கே அதுதான் சரி என்று பட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு முன்னால் சேவல் குழம்பாகிவிட்டது. சாமைச் சோற்றை வடித்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுத் துணியால் கட்டினோம். பஸ்ஸில் அக்காவை நடுவில் உட்கார வைத்து, ஈரத் துணியைக் கண்மேல் போட்டு, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். வளைவு வரும்போதெல்லாம் அவள் விரல்கள் என் கையில் இறங்கின. பாதி மலை இறங்கியதும் பஸ் நின்றது. எதிரே மேலே ஏறி வந்த லாரி. யார் லாரி என்கிறீர்கள்? நம் கொட்டகைப் புளியை ஏற்றப் போகும் லாரி. இரண்டு டிரைவர்களும் நீதான் பின்னால் போகணும், நீதான் போகணும் என்று இறங்கி நின்று பேசினார்கள். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "அண்ணா, இந்தப் புளியத் தட்டித்தான் இவங்க கண்ணு போச்சு. மறுபடியும் நீங்களே வந்து குறுக்க நின்னா எப்படி?" என்று கத்தினேன். லாரிக்காரர் என்னையும் அக்காவையும் பார்த்தார். ஏறிப் பின்னால் எடுத்தார்.

போளூரில் பஸ் மாறினோம். சந்தவாசலில் பஸ் நின்றபோது மாமா வாழை இலை வாங்க இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, "என்னை ரெண்டா கிழிச்சிட்டுப் போங்க" என்றேன். மாமா இலையோடு ஓடி வந்து ஏறினார். கேலி பேசிக்கொண்டே இருந்தேன். பேச்சை நிறுத்தினால் அக்காவின் முனகல் கேட்கும், அதனால்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன், "சீட்டு பன்னெண்டு மணியோட முடிஞ்சிடும், சீக்கிரம் போங்க" என்றார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் அக்காவை உள்ளே இழுத்தேன். அவள் அசையவில்லை. "மொதல்ல படையல்" என்றாள். கெஞ்சினேன். திட்டினேன். "இல்லாதவங்கள ஏமாத்தச் சொல்றியா?" என்று கேட்டாள். நான் தூக்குப் பாத்திரத்தின் துணியை அவிழ்த்தேன்.

மதில் ஓரம் வேப்பமரத்தடியில் நோயாளிகளோடு வந்தவர்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இலை போட்டோம். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் வைத்தோம். மாமா கற்பூரம் ஏற்றினார். அக்கா ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "பேரு தெரியாது. ஆணா பொண்ணா தெரியாது. இன்னா துன்னுவீங்க, அதுவும் தெரியாது. மலைல வெளையறதக் கொண்டாந்துகீறேன். குறை இருந்தா கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

பிறகு காக்காய்க்காகக் காத்திருந்தோம்.

காக்காய் தொட்டால்தான் படையல் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். மதில் மேல் நாலைந்து காக்காய்கள் இருந்தன. மாமா "கா, கா" என்று கூப்பிட்டார். ஒன்று இறங்கி வந்து, ஆட்களைப் பார்த்து, திரும்பப் போய்விட்டது. சாமைச் சோறு டவுன் காக்காய்க்குப் பழக்கமில்லை போலும். நான் சீட்டு ஜன்னலுக்கு ஓடினேன். வரிசை குறைந்துகொண்டே வந்தது. மரத்தடிக்கு ஓடினேன். இலை அப்படியே இருந்தது. மறுபடி ஜன்னலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மறுபடி மரத்தடி. அக்காவின் கன்னத்தில் தண்ணீரோடு மஞ்சளாக ஏதோ சேர்ந்து வடிந்தது. "யக்கா, நான் இங்க நிக்கறேன். காக்கா வந்தா சொல்றேன். நீ உள்ள போ" என்றேன். "நான் போட்டது. நான்தான் நிக்கணும்" என்றாள். எனக்கு அந்தக் காக்காய்களைக் கல்லெடுத்து அடிக்கலாம் போல் இருந்தது.

பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மேல் சாய்ந்து அவர் வீட்டுக்காரர், இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுக்கொண்டு. அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. காக்கா எடுத்தப்பறம் மீதி இருந்தா இவருக்குக் கொஞ்சம் குடுப்பீங்களா? நேத்துல இருந்து ஒண்ணும் துன்னல. வாசனை வந்ததும் இன்னா இன்னான்னு கேக்கறாரு."

அக்கா திரும்பி அந்த ஆளைப் பார்த்தாள். அவர் கட்டுப் போட்ட முகத்தை எங்கள் பக்கம் நீட்டி வைத்திருந்தார். அக்கா குனிந்தாள். இலையை இரண்டு கையாலும் ஏந்தினாள். அதை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏய், காக்கா தொடலயே!" என்று மாமா பதறினார்.

"யாருன்னே தெரியாதவங்களுக்குப் போட்டதுய்யா. பசின்னு யாரு வந்தாலும் அவங்கதான்" என்றாள் அக்கா. "துன்னுங்கண்ணா."

அவர் விரலால் தடவித் தடவிச் சோற்றைக் கண்டுபிடித்து ஒரு வாய் வைத்தார். மென்றார். "நல்லாகீதும்மா" என்றார். அக்கா அது வரைக்கும் நின்றாள். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்து, "வாடி" என்றாள். ஓடினோம். சீட்டு ஜன்னலின் பலகை பாதி மூடிவிட்டது. நான் கையை உள்ளே விட்டு, "கைய வெட்டிட்டு மூடுங்கய்யா" என்றேன். உள்ளே இருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே சீட்டுப் போட்டார்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் சாய்க்கச் சொன்னார். காவலூரில் பெரிய கண்ணாடி வைத்து நட்சத்திரத்தைப் பார்க்கிறார்களே, அதே போல் இவர் அக்காவின் கண்ணைப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு? ஏம்மா வரல? அன்னைக்கே வரச் சொன்னேன்ல?" என்று கோபமாகக் கேட்டார். அக்கா படையல் விஷயத்தைச் சொன்னாள், மறைக்காமல், முழுசாக. டாக்டரம்மா திட்டப் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விளக்கைத் திருப்பி வைத்தார். "சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். "துன்னாங்க" என்றாள் அக்கா. "சரி. தலைய ஆட்டாம வை."

மரத்துப்போக மருந்து விட்டு, சின்னக் கத்தியால் ஒரு அறு, இடுக்கியால் ஒரு இழு. இடுக்கி நுனியில் இமைமயிரில் பாதி அளவுக்கு ஒரு நூல் துண்டு. இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது எனக்கு. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "தளர்ந்த தையல் ஒரு வழி மாதிரி. அது வழியா கிருமி உள்ள போயிருக்கு. அந்த வெள்ளைப் புள்ளி சீழ். வெச்ச கண்ணாடி தெளியுமா, அப்படியே வெளுத்துடுமான்னு என்னால இப்ப சொல்ல முடியாது."

மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று மலைக்குத் திரும்பினார். நான் இருந்தேன். மணிக்கொரு தரம் கண்ணில் மருந்து விட வேண்டும். அக்காவுக்கு அது எரியும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். நான் வார்டில் இருந்த எல்லோரையும் கேலி செய்தேன். நர்ஸம்மாவின் நடையைப் போல நடந்து காட்டினேன், பக்கத்துக் கட்டில் கிழவர் குறட்டையைப் போல விட்டுக் காட்டினேன். கட்டுப் போட்டவர்கள் எல்லாம் சத்தத்தை வைத்தே சிரித்தார்கள். தினமும் காலையில் டாக்டரம்மா வருவார், விளக்கடித்துப் பார்ப்பார், நல்ல கண்ணைக் கையால் மூடி, "என்ன தெரியுது?" என்று கேட்பார். "வெளிச்சம்" என்பாள் அக்கா. மறுநாளும் வெளிச்சம். அதற்கு மறுநாளும் அதேதான். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் 'பாக்கலாம்' எனக்கு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போவது போல் இருந்தது. ஒரு மத்தியானம் அக்கா என்னிடம், "அவங்க குடுத்ததக் கெடுத்துட்டேனாடி?" என்று கேட்டாள். நான் அதற்கும் ஏதோ ஒரு கேலி சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவள் சிரிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நாள் காலை டாக்டரம்மா வந்தபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். நல்ல கண்ணை மூடினார். "என்ன தெரியுது?"

அக்கா முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"சின்னபாப்பா நிக்கறா" என்றாள்.

"குரலை வெச்சுச் சொல்லக் கூடாதும்மா. கண்ணால பார்த்துச் சொல்லணும்."

"அவ இன்னும் பேசவே இல்லீங்களே. அதான அதிசயம்" என்றாள் அக்கா. "மூஞ்சி தெரியுது. பொகை கொஞ்சம் கீது, ஆனா தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவ அழுவறா."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஆமாம்.

ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. மற்றபடி அந்தக் கண் தெளிந்தது. அதற்குப் பிறகும் சில வருஷங்களில் வேறு தையல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவள் யாரையும் கேட்கவில்லை, நாள் பார்க்கவில்லை. கண் உறுத்திய அன்றே முதல் பஸ் ஏறினாள். கையில் தூக்குப் பாத்திரம் இருக்கும். வேப்பமரத்தடியில் முதலில் யார் பசியோடு இருக்கிறார்களோ அவர்களுக்கு வைத்துவிட்டு நேராகச் சீட்டு ஜன்னலுக்குப் போவாள். "கண்ணுக்காரங்க இன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணா வந்தாங்கடி" என்பாள் திரும்பி வந்து. "இன்னிக்கு ஒரு போலீஸ்காரரா வந்தாங்க." இப்போது அவளோடு அந்தக் கண்ணையும் சேர்த்துத்தான் காவலூர்ப் பக்கத்து மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இதைப் படிக்கிறவர்களில், அவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களில், என் கேலிக்கு ஆளாகாதவர்கள் யாரும் இல்லை. அவள் ஒரே ஒரு முறை, "ஆசுபத்திரில சின்னபாப்பா அழுதா" என்று கொட்டகையில் சொல்லியிருந்தால் போதும், நீங்கள் என்னைப் பத்து வருஷத்துக்கு விட்டிருக்க மாட்டீர்கள். நான் அவளை அத்தனை கேலி செய்திருக்கிறேன். ஒற்றைக்கண்ணி என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் அந்த வலது கண்ணால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான். மூச்சு விட்டதில்லை, மாமாவிடம்கூட. அவள் நினைவாக என்னிடம் புடவை இல்லை, படம் இல்லை. எனக்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அதுதான் இருக்கிறது.

அதையும் இப்போது நானே உங்களிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குக் கொட்டகைக்கு வரும்போது எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யுங்கள், பதில் தருகிறேன். இன்றைக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள்.